எந்தக் கப்பலில் வந்தது

கையில் எதைக் கொடுத்தாலும் அது எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லுவார். அவரைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு இதைத்தான் முதலில் சொல்ல வரும்.

எங்கள் தோட்டத்தில் புள்ளக்காம்பரா ஆயாவாக இருந்தார். நாங்கள் ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தெரணியகலையில் இருந்து மேலே வருகிற பஸ் கடைசியாகத் திரும்பும் வளைவுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு காம்பரா. அதிலேயே ஒரு மூலையில் அவர் படுக்கை. கொழும்பில் இருந்து வந்தவர் என்பதால் கொழும்பாயா என்றோம். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பேர் அவருக்கே தெரியாது. ரொம்ப நாள் அது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. மலை சரியப் போகிறது என்று சொல்லிப் புது வீடுகளுக்குப் பட்டியல் எடுத்தபோதுதான் பேர் வேண்டும் என்றார்கள். பேர் இருந்தால் வீடு. இல்லாவிட்டால் இல்லை.

அதற்கு முன் கப்பல்களைச் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்தவன் பேசப் பழகின காலம். ஒரு நாள் சாப்பிடும்போது, "அப்பா, மொளகா பறங்கிக் கப்பல்ல வந்துச்சு" என்றான். என் புருசனுக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே ஆயாவிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"என்னா ஆயா, புள்ளைக்கு என்னா சொல்லிக் குடுக்கிறீங்க? மொளகா நம்மளுது. எங்க பூட்டன் தின்ன சாமான்."

"பூட்டனுக்குப் பூட்டன் தின்னுருக்க மாட்டாரு."

"அப்ப கொழம்பு என்னாத்துல வச்சாங்க?"

"மொளகுல."

"சரி, சம்பலு?"

"சம்பலு ஜாவாக் கப்பல். ஒல்லாந்துக்காரன் மலாய் ஆளுங்கள சிப்பாய்ங்களா கூட்டியாந்தான். அவங்களோட வந்துச்சு."

"தேங்காயாவது நம்மளுதா, இல்ல அதும் இல்லியா?"

ஆயா கொஞ்சம் யோசித்தார். "தேங்கா தானா மெதந்து வந்துச்சாம். பெரியவரு சொன்னாரு."

என் புருசன் பால் நிறுக்கும் இடத்தில் இரண்டு நாள் இதையே சொல்லிச் சிரித்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சம்பலைப் பார்த்துவிட்டு, "ஜாவா கொஞ்சம் போடு" என்றார். அப்புறம் எங்கள் வீட்டில் சம்பலுக்கு அதுதான் பேர்.

ஆயா பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார். பாண் ரொட்டி என்றால் பிள்ளைகள் பறங்கிக் கப்பல் என்று கத்தும்; பறங்கி என்றால் போர்த்துக்கீசன், ஒல்லாந்து என்றால் டச்சுக்காரன். துவாய், பறங்கி. சாவி, பறங்கி. ஜன்னல், அலுமாரி, சப்பாத்து எல்லாம் பறங்கி. கக்கூசு என்று சொல்ல வேண்டியதுதான், ஒல்லாந்துக் கப்பல் என்று கத்திவிட்டு உருண்டு உருண்டு சிரிக்கும். தேயிலையும் ரப்பரும் வெள்ளைக்காரன் கப்பல். காம்பரா என்கிற சொல்லும் பறங்கிக் கப்பலில் இறங்கினதுதான் என்றார். ஆயா என்கிற சொல்லும் அப்படித்தானாம்.

"நாங்க எந்தக் கப்பலு ஆயா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"நீங்க நடந்து வந்த ஆளுங்க. மன்னார்ல எறங்கி, காட்டு வழியா நடந்து."

"நீங்க?"

"நான் லொறியில போனேன். பஸ்ஸுல வந்தேன்."

அவர் சொல்கிற கொழும்பு நான் பார்த்த கொழும்பு இல்லை. நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், கண் ஆஸ்பத்திரிக்கு. அவர் இருந்த வீடு கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு மேட்டுத் தெருவில். ஒல்லாந்துக்காரன் கட்டின வேதக்கோயில் பக்கத்தில். அந்தக் கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் மேளம், மூன்றும் ஒரே ஜன்னலில் கேட்குமாம். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மூன்றும் கேட்காதாம்.

அந்தக் கப்பல்காரர் வழி வந்த பறங்கி வீடு; ஆயா அங்கே வேலைக்கு நின்றார். வீட்டுக்காரி நோனா. நோனாவின் அப்பா துறைமுகக் கந்தோரில் இருந்து ஓய்ந்த மனுசன். அவரைத்தான் பெரியவர் என்பார். விருந்தாட்கள் வந்தால் பெரியவர் மேசையில் இருக்கிற சாமான் ஒவ்வொன்றையும் தொட்டு, இது எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லுவாராம். ஆயா பின்னால் சூப் கோப்பையோடு நிற்பார். பெரியவர் சொன்னது விருந்தாட்களுக்கு. அவர்கள் கேட்டார்களோ இல்லையோ, இவர் கேட்டுக்கொண்டார்.

"கோட்டைன்னு பஸ்ஸுல போர்டு போடுறான். அங்க கோட்டை எங்க இருக்கு? பறங்கி கட்டினான், ஒல்லாந்துக்காரன் புடிச்சு மறுபடி கட்டினான், வெள்ளக்காரன் இடிச்சான். பேரு மட்டும் நிக்கிது."

கொம்பனித்தெரு கதையை ஒரே தடவைதான் சொன்னார். மழை பெய்து வெட்டு இல்லாத நாள். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருந்தேன். ஒல்லாந்துக் கொம்பனிக்கு அடிமைகள் இருந்தார்களாம். பகலெல்லாம் கோட்டையில் வேலை. சாயங்காலம் தோணியில் ஏற்றி, ஏரி நடுவில் இருக்கிற தீவில் விட்டுவிடுவார்களாம். தண்ணீரில் முதலை. யாரும் தப்பிப் போக முடியாது. அந்தத் தீவுதான் இப்போது கொம்பனித்தெரு. இங்கிலீசில் அதற்கு அடிமைத் தீவு என்றே பேராம்.

"இத பெரியவரு சாப்பிடும்போதா சொன்னாரு?"

"ஆமா."

"நீங்க அங்க நின்னீங்களா?"

"நின்னேன். சூப்பு கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு. கையி சுட்டுச்சு. அதுதான் ஞாபகம்."

அவர் கதிரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கிற எங்கள் லயத்தில் கல்யாணம், சாவு எதுவானாலும் நின்றுகொண்டே இருப்பார். உட்காரச் சொன்னால் படியில் உட்காருவார். முன் வாசலால் வீட்டுக்குள் வரமாட்டார். லயத்துக் காம்பராவைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்கி, குசினிப் பக்கமாக வருவார். பக்கத்துக் காம்பராக்காரி ஒருத்திக்கு வாய் சும்மா இருக்காது. "ராசாத்தி வாறா, பின்வாசலத் தொறங்க" என்பாள். ஆயா கோபப்பட மாட்டார். அவர் கோபப்பட்டும் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாப்பிடுவார். அதுவும் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

சின்ன வயசில் தோட்டத்தில் இருந்து கொழும்புக்கு எப்படிப் போனார் என்று அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். லொறியில் ஏற்றினார்கள். ஒரு கையில் மாங்காய் இருந்தது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அம்மா பேர் கேட்டால் அம்மா, அப்பா பேர் கேட்டால் அப்பா. வீட்டில் பாப்பா என்று கூப்பிட்டார்கள். நோனா வேறு பேர் வைத்தார். அந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அதே பேர்தானாம். புதுப்பேர் பழகுவது நோனாவுக்குக் கஷ்டமாம். இவர் மூன்றாவது ஆள். அந்தப் பேரை எனக்குச் சொன்னார். நான் இங்கே எழுதவில்லை.

நோனா செத்த பிறகு மகன் அவுஸ்திரேலியாவில் இருந்து வந்து வீட்டை விற்றார். அலுமாரி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் ஏலக்காரன் ஏற்றினான். இவருக்கு ஒரு தகரப்பெட்டியும் இரண்டு துவாயும் கொடுத்தார்கள். போகச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்துப் பேர் மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. அவிசாவளையில் இறங்கி, தெரணியகலைக்கு மாறி, மேலே வந்துவிட்டார். பீலியைப் பார்த்ததும் இதுதான் என்றாராம். தண்ணீர் விழுகிற சத்தம் அதே சத்தம் என்றாராம். எல்லாத் தோட்டத்திலும் பீலி அப்படித்தான் விழும். யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை.

அவருடைய ஆட்கள் என்று யாரும் இல்லை. பாஸ்போர்ட் கொடுத்து அனுப்பின காலத்தில் முக்கால்வாசிப் பேர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். போனவர்களில் இருந்திருப்பார்கள் என்றோம். புள்ளக்காம்பராவில் ஆள் இல்லாத நேரம். தொரை இருக்கச் சொன்னார். இருந்தார். பன்னிரண்டு வருசம்.

அப்புறம் மழை வந்தது. கீழ் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி இரண்டு காம்பராச் சுவர் போனது. ஆள் சேதம் இல்லை. கொழும்பில் இருந்து வந்து அளந்தார்கள். புள்ளக்காம்பராவும் நாங்கள் இருந்த மேல் லயமும் இருக்கக் கூடாது என்று சிவப்புப் போர்டு அடித்தார்கள். அந்தப் பக்கம் தேயிலை மலையில் தனி வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். குடும்ப அட்டை ஒன்றுக்கு ஒரு வீடு. பட்டியல் எழுதக் கிராம சேவகர் வந்தார். சிங்கள மனுசன், நல்லவர். ஆயாவின் முறை வந்தது.

"அம்மே, நம மொகக்த?" என்று பேர் கேட்டார்.

"மொன நமத மாத்தயா?" என்றார் ஆயா. எந்தப் பேர் வேண்டும் என்று.

கிராம சேவகர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆயா பதிலுக்காக நின்றார். அவர் நிஜமாகத்தான் கேட்டிருக்கிறார்.

அடையாள அட்டை இல்லை. பிறந்த பதிவு இல்லை. தோட்டத்தில் பிறந்ததற்கு ஏதாவது எழுத்து இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஆபீசில் கிளாக்கர் பழைய பிறப்புப் புத்தகத்தை எடுத்து வைத்தார். பாதி கறையான். கொழும்பு வீட்டில் இருந்த வருசங்களையும் முன்பல் விழுந்த வயசையும் வைத்துக் கிளாக்கர் நாலு வருசத்துப் பக்கங்களைப் படித்தார். எங்கள் அம்மாவையும் இன்னும் இரண்டு கிழவர்களையும் உட்கார வைத்திருந்தார்கள், அடையாளம் சொல்ல. ஆயா நின்றார்.

ஒரு பேர் படித்தால், "அது பலாங்கொடையில கட்டிக் குடுத்த புள்ள" என்பார்கள். இன்னொன்று படித்தால், "அது மண்டபம் போயிருச்சி, பெட்டி தூக்கினதே நான்தான்" என்பார் ஒரு கிழவர். அநேகமாக ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆள் இருந்தது. ஆயா ஒவ்வொரு பேரையும் மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. புத்தகம் முடிந்துவிட்டது. அவரை யாரும் எழுதவே இல்லை போலிருக்கிறது.

கிளாக்கர் சொன்னார், "ஒரு பேரு மட்டும் மிச்சம். பொறந்திருக்கு. செத்ததும் இல்ல, கட்டினதும் இல்ல, இந்தியா போனதும் இல்ல. அப்பா பேரு..."

எங்கள் அப்பா பேரைப் படித்தார். அது என் அக்கா.

நான் பிறக்கிறதுக்கு முன் செத்தவர் அவர். ஒரு வயசு. வயிற்றுப்போக்கு. அப்பா ஆபீசில் சொல்லவில்லை. அப்போது அரிசிக் கூப்பன் தலைக்கு ஒன்று. செத்ததைச் சொன்னால் பிள்ளையின் கூப்பனை வெட்டிவிடுவார்கள். அப்படிச் சொல்லாமல் விட்டவர்கள் எங்கள் லயத்தில் நிறையப் பேர். ரப்பர் மலைக்குக் கீழே எங்கேயோ புதைத்தார். அந்த இடத்தைப் பிறகு வெட்டி மறுநடுகை பண்ணிவிட்டார்கள்.

அம்மா ஆயாவின் பக்கம் திரும்பினார். "எடுத்துக்க" என்றார்.

"எதம்மா?"

"பேர. சும்மாதானே கெடக்கு."

ஆயா அம்மாவையே பார்த்தார். "அந்தப் புள்ளைக்குப் பல்லு மொளச்சிருந்திச்சா?"

"ரெண்டு."

"கீழயா, மேலயா?"

"கீழ."

ஆயா தலையாட்டினார். கிளாக்கர் புத்தகத்தை மூடினார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான்.

இதில் எங்களுக்கும் லாபம் இருந்தது. மறைக்கவில்லை. அம்மா எங்கள் குடும்ப அட்டையில் இருந்தவர், தனியாக வீடு கிடைத்திருக்காது. கல்யாணம் ஆகாத மகள் ஒருத்தி இருந்தால் தாயும் மகளும் ஒரு குடும்பம். எங்களுக்கு ஒரு வீடு, அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு வீடு என்று ஆனது. வாய் சும்மா இருக்காதவள் பீலியில் எல்லோரும் கேட்கச் சொன்னாள், "செத்த புள்ளைக்கு வீடு. உசுரோட இருக்கிற எம் மருமகளுக்கு இல்ல." அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் குடத்தை நிறைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடையாள அட்டை வர எட்டு மாதம். வந்ததும் ஆயா என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "வாசி" என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். என் புருசன் அந்தப் பேரைப் பழக்க வேண்டும் என்று பிள்ளைகளை விட்டுக் கூப்பிடச் சொன்னார். பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஆயா திரும்பவில்லை. கொழும்பாயா என்றால்தான் திரும்பினார்.

"அந்தப் பேரு எந்தக் கப்பல்ல வந்துச்சு?" என்று கேட்டார் என் புருசன், விளையாட்டுக்கு.

"அது எங்கயும் போகல. எங்கயும் வரல. இங்கயே கெடந்துச்சு" என்றார்.

வீட்டுப் பத்திரம் கொடுக்கிற கூட்டம் தோட்டத்து மைதானத்தில். கொட்டகை போட்டுக் கதிரை போட்டிருந்தார்கள். பெரிய ஆட்கள் வந்து பேசினார்கள். அம்மாவுக்கு வயது போனதால் பத்திரத்தை மகள் பேரில் எழுதியிருந்தார்கள். நானும் அம்மாவும் முன்னால் இருந்தோம். ஆயா கொட்டகைக்கு வெளியே, யாரோ ஒருத்தியின் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார்.

ஒலிபெருக்கியில் அக்கா பேரைக் கூப்பிட்டார்கள். சிங்களவர் வாயில் பேர் கொஞ்சம் வளைந்து வந்தது. யாரும் எழும்பவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஆயா பிள்ளையைத் தட்டிக்கொண்டு இருந்தார். மேடையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எல்லோரையும் போல.

மூன்றாம் தடவை அம்மா எழும்பினார். "இருக்கா" என்றார். "இந்தா இருக்கா எம் புள்ள." போய் ஆயாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தார். ஆயா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனார். யார் பிள்ளை என்று தெரியாத அந்தப் பிள்ளையோடு மூன்று பேரையும் வைத்துப் படம் பிடித்தார்கள்.

புது வீட்டில் நாலு வருசம் இருந்தார்கள். ஆயா அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிட்டார். அதற்கு முன்னும் அப்படித்தான் கூப்பிட்டார், எல்லாக் கிழவிகளையும் கூப்பிடுகிற மாதிரி. அம்மா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏய் புள்ள" என்பார். ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன், ஏன் பேர் சொல்வதில்லை என்று. "வாயில வரமாட்டேங்குது" என்றார்.

போன வருசம் ஆயாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மூன்றாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. நான் கடைக்குப் போய்ப் பிளேன்டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். துணியை இழுத்து மூடியிருந்தார்கள். டீ கையில் இருந்தது. குடித்தேன்.

சாவைப் பதிய நான்தான் போனேன். பேர் கேட்டார்கள். அக்கா பேரைச் சொன்னேன். உறவு கேட்டார்கள். அக்கா என்றேன். பதிந்து முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அப்பா அந்தக் காலத்தில் சொல்லாமல் விட்டதை நான் சொன்ன மாதிரி இருந்தது. ஆயாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பகல் ஒரு மணிக்குப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பெட்டியை இறக்கி மூடியைத் திறந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா பேரைச் சொன்னார். மெதுவாக ஒரு தடவை. பிறகு சத்தமாக. பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி.

அக்கா செத்த அன்றைக்கு அப்பா அம்மாவின் வாயைப் பொத்தினாராம். சத்தம் கேட்டால் கங்காணி வருவான், ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்று. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாராம். இதை அன்றைக்கு அழுகைக்கு நடுவில்தான் சொன்னார். அதுவரை எனக்குத் தெரியாது.

"ரெண்டு பல்லு" என்று சொல்லி அழுதார். "பாலுக்கு வாயத் தொறந்தியே" என்று சொல்லி அழுதார். லயத்துப் பொம்பிளைகள் எல்லோரும் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். வாய் சும்மா இருக்காதவளும் அழுதாள். எல்லோரும் அக்காவுக்கு அழுதார்கள். பெட்டிக்குள் நரைத்த தலையோடு ஆயா கிடந்தார்.

அவருக்கு நான் அழலாம் என்று நினைத்தேன். பேர் சொல்லி அழுவதுதான் எங்கள் வழக்கம். எந்தப் பேரைச் சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஆட்கள் வருவார்கள் என்று பின்வாசலால் போய்த் தண்ணீர் சுட வைத்தேன்.